மின்சாரக் கார் சண்டை: யாருக்கு யார் விரோதி?

சீனத்து மின்சாரக் கார் வந்துவிட்டது, எங்கள் தொழில் அழியப் போகிறது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதலாளித்துவப் பத்திரிகைகள் சில ஆண்டுகளாகக் கூப்பாடு போட்டு வருகின்றன. சுதந்திர வர்த்தகத்தின் மகிமையை உலகத்துக்கெல்லாம் உபதேசம் செய்த அதே வாய்கள்தான் இன்று சுங்கச் சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்து, இன்னும் ஒரு முழம் உயர்த்து என்று கத்துகின்றன. ஏழை நாடுகள் தங்கள் இளந்தொழில்களைக் காப்பாற்ற வரி போட்டபோது, "பொருளாதார விதிக்கே விரோதம்" என்று கண்டித்தவர்கள் இவர்கள். அந்த விதி இப்போது எந்தப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க நமக்கு ஆசை.

நடந்தது என்ன? 2024 மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி பைடன், சீன மின்சாரக் கார்களின் மீது இருந்த 25 சதவிகிதத் தீர்வையை 100 சதவிகிதமாக உயர்த்துவதாக அறிவித்தார். செப்டம்பர் 27-ல் அது அமுலுக்கு வந்தது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 1-ல், கனடாவும் அதே 100 சதவிகிதத்தைப் போட்டது. ஐரோப்பிய யூனியனோ 2023 செப்டம்பரிலேயே விசாரணை என்று ஆரம்பித்து, ஓராண்டு கணக்குப் பார்த்து, 2024 அக்டோபர் இறுதியில் தன் தீர்ப்பைச் சொல்லிற்று. ஏற்கெனவே இருந்த 10 சதவிகிதத்தோடு, பி.ஒய்.டி. கம்பெனிக்கு 17, ஜீலி கம்பெனிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி. கம்பெனிக்கு 35.3 சதவிகிதம் கூடுதல் வரி. இந்தப் பட்டியலில் மிகக் குறைவாக, 7.8 சதவிகிதத்தோடு தப்பித்துக்கொண்டவர் யார் தெரியுமா? ஷாங்காயில் தொழிற்சாலை வைத்து அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கார் அனுப்பும் அமெரிக்க டெஸ்லா!

சீன சர்க்கார் மானியம் கொடுத்தது, அதனால்தான் அவர்கள் கார் மலிவு என்பது இவர்கள் சொல்லும் காரணம். கொடுத்தது உண்மைதான். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2009-ல் ஆரம்பித்து 2022 முடிய, மின்சாரக் கார் வாங்குவோருக்குச் சீன சர்க்கார் பணம் கொடுத்தது. ஆனால் சொல்கிறவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். அதே 2009-ல் திவாலாகி வீதிக்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் கம்பெனிகளை ஆயிரக்கணக்கான கோடி டாலர் பொதுப் பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்தியது அமெரிக்க சர்க்கார் அல்லவா? 2010-ல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்ததும் அதே சர்க்கார்தான். 2022-ல் சட்டம் போட்டு, சொந்த நாட்டு மின்சாரக் கார் ஒன்றுக்கு 7,500 டாலர் வரை வரிச் சலுகை கொடுத்து, 2025 செப்டம்பர் முடிவில் அதை நிறுத்தினார்கள். இவர்கள் கொடுத்தால் பெயர் ஊக்கம். மற்றவன் கொடுத்தால் பெயர் அக்கிரமம்.

மானியத்தால் மட்டும் கார் ஓடிவிடாது. பி.ஒய்.டி.யை 1995-ல் ஷென்ஜென் நகரில் வாங் சுவான்ஃபூ என்பவர் ஆரம்பித்தபோது அது பாட்டரி செய்யும் கம்பெனி. கார் செய்ய வந்தது பிறகுதான். மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்குப் போகிறது. ஆகவே பாட்டரி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கார் இருக்கிறது. பாட்டரி, மோட்டார், மின்னணுச் சில்லு என்று பலதையும் அந்தக் கம்பெனி தானே செய்துகொள்கிறது. ஜெர்மனியில் ஆடி கம்பெனியில் இன்ஜினீயராக இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்பிய வான் காங் 2007-ல் விஞ்ஞான மந்திரியானார். பெட்ரோல் எஞ்சினில் நூறாண்டு முன்னே போய்விட்டவர்களை அதே பாதையில் துரத்திப் பிடிக்க முடியாது, பாதையை மாற்றவேண்டும் என்பது அவர் வாதம். தாதுக்களைச் சுத்திகரிப்பதிலிருந்து காரைக் கப்பலில் ஏற்றுவதுவரை ஒவ்வொரு கண்ணியும் திட்டம் போட்டுக் கோக்கப்பட்டது. 2023-ல் ஜப்பானை மிஞ்சிக் கார் ஏற்றுமதியில் சீனா உலகத்தில் முதலிடம் பிடித்தது.

இந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் மாபெரும் கார்க் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது? புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் டீசல் கார் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி ஒரு தந்திரத்தை உள்ளே ஒளித்துவைத்துக்கொண்டிருந்தது. 2015-ல் குட்டு வெளிப்பட்டது. உலகம் பூராவும் 1 கோடியே 10 லட்சம் கார்கள் இப்படிப்பட்டவை என்று வோக்ஸ்வாகன் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சீன இன்ஜினீயர்கள் பாட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவர்களுடைய மூளை போன வழி இது.

அப்படியானால் சீனாவில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறதா? அப்படி நாம் சொல்லவில்லை. அங்கே கார்க் கம்பெனிகளுக்குள் நடப்பது கழுத்தறுப்புப் போட்டி. 2025 மே மாதம் பி.ஒய்.டி. ஒரே வீச்சில் 22 மாடல்களின் விலையைக் குறைத்தது. மற்றக் கம்பெனிகளின் பங்கு மார்க்கெட் விலை சரிந்தது. பெரிய கம்பெனி விலையைக் குறைத்தால் யார் வயிற்றில் அடி விழும்? திருகாணியும் ரப்பரும் வயரும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் வயிற்றில். சரக்கை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். சர்க்கார் தலையிட்டுக் கண்டித்த பிறகு, 2025 ஜூனில், 60 நாட்களுக்குள் பட்டுவாடா செய்கிறோம் என்று பெரிய கம்பெனிகள் வாக்குக் கொடுத்தன. பட்டறைக்காரனுக்கே இந்தக் கதி என்றால் பட்டறைத் தொழிலாளிக்குக் கூலி எந்தத் தேதியில் கிடைத்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். உள்ளூர் மார்க்கெட் தாங்கும் அளவுக்கு மேல் சரக்கைக் குவித்துவிட்டு, லாபம் குறுகியதும் கப்பலேறி வெளியே மார்க்கெட் தேடி ஓடுவது மார்க்ஸைப் படித்தவர்களுக்குப் புதிய சங்கதியல்ல. பி.ஒய்.டி. 2024-ல் சுமார் 4 லட்சம் கார்களை வெளிநாடுகளில் விற்றது. 2025-ல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. இந்த வேகத்துக்குப் பின்னால் தொழில்திறமையும் இருக்கிறது, உள்நாட்டு நெருக்கடியும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவன் நமக்கு ஆசிரியனாக முடியாது.

இனி இந்தச் சண்டையின் வேடிக்கையான பகுதிக்கு வருவோம். ஐரோப்பாவில் வரி போடலாமா என்று 2024 அக்டோபர் 4-ல் ஓட்டெடுத்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஐந்து நாடுகளில் ஒன்று ஜெர்மனி! ஜெர்மன் முதலாளிகளைக் காப்பாற்றத்தானே வரி? அவர்களுக்கு ஏன் வேண்டாம்? காரணம் இருக்கிறது. அவர்கள் சீனாவில் கார் செய்கிறார்கள், சீனாவில் விற்கிறார்கள், சீனாவில் செய்ததை ஐரோப்பாவுக்கும் கொண்டு வருகிறார்கள். 2025 ஜனவரியில் இந்த வரியை எதிர்த்து ஐரோப்பியக் கோர்ட்டுக்குப் போனவர்களின் வரிசையில், சீனக் கம்பெனிகளோடு பி.எம்.டபிள்யூ.வும் டெஸ்லாவும் நின்றன. சீன அபாயம் என்று பத்திரிகைகள் பயமுறுத்திக்கொண்டிருந்த அதே 2023-ல், வோக்ஸ்வாகன் 70 கோடி டாலர் கொடுத்து எக்ஸ்பெங் என்ற சீனக் கம்பெனியில் பங்கு வாங்கியது. ஸ்டெல்லாண்டிஸ் 150 கோடி யூரோ கொடுத்து லீப்மோட்டார் என்ற கம்பெனியில் ஐந்திலொரு பங்கை வாங்கி, அந்தக் காரைச் சீனாவுக்கு வெளியே விற்கக் கூட்டுக் கம்பெனியும் அமைத்துக்கொண்டது. மேடையில் வாள்வீச்சு, திரைக்குப் பின்னால் சம்பந்தம் பேசுதல்.

2025 ஏப்ரலில் இன்னொரு யோசனை பேச்சுக்கு வந்தது. வரிக்குப் பதிலாக, இந்த விலைக்குக் கீழே ஐரோப்பாவில் விற்பதில்லை என்று சீனக் கம்பெனிகள் ஒரு குறைந்தபட்ச விலைக்கு ஒப்புக்கொள்வது பற்றிப் பேசலாம் என்று இரு தரப்பும் இணங்கின. வரி போட்டால் பணம் சர்க்கார் கஜானாவுக்காவது போகும். இந்த ஏற்பாட்டில் அதிக விலை கார் விற்கிறவன் பைக்கே போய்ச் சேரும். உள்ளூர் முதலாளியும் நிம்மதியாகத் தன் விலையை உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் லாபம். வாங்குகிறவன் தலையில் கை.

தொழிலாளிக்கு இதில் என்ன என்பதே நம்முடைய கேள்வி.

2024 டிசம்பரில் வோக்ஸ்வாகன் நிர்வாகம் ஜெர்மனியில் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக யூனியனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆடி தொழிற்சாலை 2025 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டு, ஏறக்குறைய 3,000 பேர் வேலை இழந்தார்கள். சீனக் காருக்கு வரி போட்ட பிறகுதான் இரண்டும் நடந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். தொழிலாளியைக் காப்பாற்றவே சுவர் என்றார்கள். சுவரும் எழுந்தது, ஆட்குறைப்பும் நடந்தது.

இதிலே தொழிலாளர் ஸ்தாபனங்களுக்குள்ளேயே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. பைடனுடைய 100 சதவிகிதத்தை அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் யூனியன் வரவேற்றது. ஜெர்மன் உலோகத் தொழிலாளர் யூனியனோ, ஐரோப்பிய வரி வேண்டாம் என்று கேட்டது. இரண்டு யூனியன்களும் தங்கள் அங்கத்தினர்களின் அடுப்பை நினைத்தே பேசின என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வேலை போகும் என்ற பயம் சாதாரணமான பயமல்ல. அதைப் பரிகசிப்பவன் வேலையிழந்த வீட்டை எட்டிப் பார்க்காதவன். ஆனாலும் அந்தப் பயத்தை எந்தத் திசையில் திருப்பிவிடுகிறார்கள் என்பதில் ஏமாந்துபோகக் கூடாது. இதற்கு அமெரிக்க மோட்டார்த் தொழிலிலேயே ரத்தக்கறை படிந்த ஒரு உதாரணம் உண்டு.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பான் கார்கள் டெட்ராய்ட் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தன. இன்று சீனாவைப் பற்றிப் பேசுவதையெல்லாம் அன்று ஜப்பானைப் பற்றிப் பேசினார்கள். 1981-ல் அமெரிக்க சர்க்கார் நெருக்கியதால், ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் "தானே முன்வந்து" ஒப்புக்கொண்டது. கார் விலை ஏறியது, டெட்ராய்ட் முதலாளிகள் லாபம் பார்த்தார்கள், ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்காவிலேயே தொழிற்சாலை கட்டின, டெட்ராய்ட் தொழிலாளிக்கு வேலை திரும்பவில்லை. 1982 ஜூனில் அந்த வட்டாரத்தில் சீன வம்சத்தைச் சேர்ந்த 27 வயது இளைஞர் ஒருவரை, மோட்டார்த் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவனும் அவனுடைய மனைவியின் முதல் தாரத்து மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்ற வெறி. அந்த இளைஞர் ஜப்பானியரே அல்ல. அவரும் மோட்டார்த் தொழிலுக்குச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போட்டுப் பிழைத்தவர். கொன்றவர்களுக்கு ஒரு நாள்கூட ஜெயில் தண்டனை விதிக்காமல், 3,000 டாலர் அபராதத்தோடும் நன்னடத்தை ஜாமீனோடும் அனுப்பிவைத்தார் நீதிபதி. ஆலையை மூடியவர்கள் மேல் ஒரு மட்டையும் ஓங்கவில்லை.

இன்னொரு கண்டத்துக்குப் போவோம். பிரேஸில் நாட்டில் பஹியா மாகாணத்தில் காமசாரி என்ற ஊர். 2001-ல் அங்கே போர்டு கம்பெனி தொழிற்சாலை திறந்தது. சர்க்கார் சலுகைகளை அனுபவித்து இருபது வருஷம் ஓட்டிவிட்டு, 2021 ஜனவரியில் பிரேஸிலில் இனிக் கார் செய்வதில்லை என்று ஒரு அறிக்கையை விட்டு மூட்டையைக் கட்டியது. (அதே ஆண்டு செப்டம்பரில், நமது மறைமலைநகரிலும் இதே கம்பெனி இதே மாதிரி அறிக்கை விட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்தியாவில் சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது.) காலியாய்க் கிடந்த காமசாரி ஆலையைப் பி.ஒய்.டி. எடுத்துக்கொண்டபோது அந்த ஊர் ஜனங்கள் மகிழ்ந்தார்கள். மகிழாமல் என்ன செய்வார்கள்? அமெரிக்க முதலாளி பூட்டிப் போன கதவைச் சீனாக்காரன் திறக்கிறான்!

2024 டிசம்பரில் அந்த ஆலை கட்டுமான வேலை நடந்த இடத்துக்குப் பிரேஸில் தொழிலாளர் இலாகா அதிகாரிகள் போனார்கள். காண்டிராக்ட் கம்பெனி ஒன்று சீனாவிலிருந்து அழைத்து வந்த 163 தொழிலாளர்கள், அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையில் இருப்பதாகக் கண்டு மீட்டார்கள். மெத்தையில்லாத கட்டில்கள். ஒரு விடுதியில் 31 பேருக்கு ஒரே கழிப்பறை. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து வரிசையில் நிற்கவேண்டும். பாஸ்போர்ட்டுகள் முதலாளி கையில். கூலியில் பெரும்பகுதி பிடித்துவைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் கூறினார்கள். காண்டிராக்ட் கம்பெனி இதை மறுத்தது. பி.ஒய்.டி. அந்தக் காண்டிராக்டரோடு உறவை முறித்துக்கொண்டதாக அறிவித்தது. ஆனால் அந்தக் கம்பெனியின் விளம்பர அதிகாரி ஒருவர், அன்னிய சக்திகள் சீனத்துப் பெயரைக் கெடுக்கச் செய்யும் சூழ்ச்சி இது என்று எழுதினார். 2025 மே மாதம் பிரேஸில் தொழிலாளர் வழக்குத் துறை, பி.ஒய்.டி. மீதும் இரண்டு காண்டிராக்டர்கள் மீதும் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது.

அன்னிய சக்திகளாம்! அந்த 163 பேரும் யார்? சீன உழைப்பாளிகள். அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது சீனத்தின் கௌரவமா, அதைத் திரும்ப வாங்கிக் கொடுப்பது சீனத்தின் அவமானமா? அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் சுங்க மிரட்டலை எதிர்க்கிறோம் என்பதற்காக, மெத்தையில்லாத கட்டிலையும் சேர்த்து ஆதரிக்க நம்மால் முடியாது. இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று சிலர் நினைக்கலாம். எதிரிக்கு ஆயுதம் கொடுத்தது காண்டிராக்டர், சொன்னவர்கள் அல்ல.

அதே பிரேஸிலில் இன்னொரு நாடகமும் நடந்தது. மின்சாரக் கார்கள்மீது 2024 ஜனவரியில் 10 சதவிகிதத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி 2026 ஜூலையில் 35 சதவிகிதமாக்குவது என்று சர்க்கார் அட்டவணை போட்டது. வரி ஏறுவதற்குள் சரக்கை இறக்கிவிடவேண்டும் என்று பி.ஒய்.டி. தன் சொந்தக் கப்பல்களில் கார்களைக் கொண்டுவந்து குவித்தது. 2025 மே மாதம் இத்தஜாயி துறைமுகத்தில், 9,200 கார்கள் கொள்ளக்கூடிய கப்பல் ஒன்று வந்து நின்றது. பிறகு, பாதி கோத்த கார்களைக் கொண்டுவந்து காமசாரியில் பூட்டிக்கொள்ள வரிச் சலுகை வேண்டுமென்று கம்பெனி கேட்டது. உடனே "தேசியத் தொழில் அழிகிறது" என்று ஜனாதிபதி லூலாவுக்கு நாலு கம்பெனித் தலைவர்கள் கடிதம் எழுதினார்கள். யார் அந்தத் தேசியவாதிகள்? வோக்ஸ்வாகன், டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ்! பிரேஸிலில் பிறந்தது இவற்றில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் சர்க்கார் இரு தரப்புக்கும் நடுவே ஒரு ராஜி செய்தது: ஆறு மாதத்துக்கு அளவோடு சலுகை, பிறகு முழு வரியும் முன்பு சொன்ன தேதிக்கு முந்தியே. பூட்டுகிற வேலை மட்டும் வந்தால் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை. பாட்டரியும் உதிரிச் சாமான்களும் அங்கேயே செய்தால்தான் போர்டு காலத்து வேலைகள் திரும்பும். அந்த ஊர்த் தொழிலாளி கேட்க வேண்டிய கணக்கு அது.

சண்டை கார் ஆலையோடு நிற்கவில்லை. கனடா 100 சதவிகிதம் போட்டதற்குப் பதிலடியாக, 2025-ல் சீனா கனடாவின் கனோலா எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் பட்டாணிக்கும் 100 சதவிகிதமும், பிறகு கனோலா விதைக்கு 75.8 சதவிகிதமும் போட்டது. ஒன்டாரியோவில் கார் ஆலையைக் காப்பதாகச் சொல்லிப் போட்ட வரிக்கு, ஆயிரம் மைலுக்கு அப்பால் சஸ்காச்சுவான் விவசாயி தண்டம் கட்டினான். 2026 ஜனவரியில் பிரதமர் கார்னி பீகிங்குக்குப் போய், ஆண்டுக்கு 49,000 சீனக் கார்களை 6.1 சதவிகிதத் தீர்வையில் விடுவதாகவும், சீனா கனோலா வரியைக் குறைப்பதாகவும் பேசி முடித்துத் திரும்பினார். விவசாயி மூச்சு விட்டான். இப்போது ஒன்டாரியோத் தொழிலாளி கலங்குகிறான். விவசாயியையும் தொழிலாளியையும் ஒருவர் தட்டிலிருந்து எடுத்து மற்றவர் தட்டில் போடும் இந்த வித்தைக்குத்தான் வர்த்தக ராஜதந்திரம் என்று பெயர்.

நம் நாட்டு வாசலுக்கும் இது வந்துவிட்டது. 2023-ல் பி.ஒய்.டி. ஒரு இந்தியக் கம்பெனியோடு சேர்ந்து 100 கோடி டாலர் போட்டுக் கார் ஆலை அமைக்கக் கேட்டபோது மத்திய சர்க்கார் மறுத்துவிட்டது. சீனக் காரைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று இதைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா இருந்துவிட முடியாது. 2025 டிசம்பரில் மெக்ஸிகோ பார்லிமெண்டு, தன்னோடு வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் கார்கள்மீது தீர்வையை 20-லிருந்து 50 சதவிகிதமாக உயர்த்திச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் நெருக்குதலில், சீனாவை நோக்கி எறிந்த கல் அது. ஆனால் ஒப்பந்தம் இல்லாத நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்தியாவிலிருந்து மெக்ஸிகோவுக்குக் கார் அனுப்புகிற கம்பெனிகளில் ஸ்ரீபெரும்புதூர் ஹுண்டாயும் ஒரகடத்து நிஸ்ஸானும் உண்டு.

ஆகவே அந்த வட்டாரத்து யூனியன் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் குறைந்துவிட்டது, மெக்ஸிகோ வரி போட்டுவிட்டான், சீனாக்காரனால் வந்த வினை, காண்டிராக்ட் ஆட்களை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எந்த நிர்வாகமாவது ஆரம்பித்தால், முதலில் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். மெக்ஸிகோவுக்குப் போனது மொத்தத்தில் எத்தனை கார்? நின்றுபோனது எத்தனை? நல்ல வருஷங்களில் வந்த லாபத்தில் வெளிநாட்டுத் தலைமைக் கம்பெனிக்குப் போனது எவ்வளவு? அந்தத் தாள் மேஜைக்கு வந்த பிறகு பேச்சுவார்த்தையை ஆரம்பிக்கலாம். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது காண்டிராக்ட் தொழிலாளரின் பிரதிநிதியும் பக்கத்து நாற்காலியில் இருக்கட்டும்.